ராக்குவுக்காகப் பேச ஓர் ஆள்

மாசி 4, செவ்வாய்

காலையில் நல்ல பனி. மிளகாய் காயப் போட்டாயிற்று. இன்று ஆஸ்பத்திரி.

உரக்கடைக்காரர் கொடுத்த போன வருட டைரி இது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போடுகிறேன். தினம் நாலு வரி எழுதாவிட்டால் கை மறந்துவிடும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். சாயங்கால வகுப்பில் பரீட்சை எழுதித் தேறியவர்களில் நான்தான் மூத்தவன். என் கை மாட்டு வண்டி போல. மெதுவாகப் போனாலும் ஊர் போய்ச் சேரும்.

முதுகுளத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை மனநல டாக்டர் வருவார். சின்ன வயசு அம்மா. என் வீட்டுக்காரி ராக்குவுக்கு அங்கேதான் மாத்திரை. காசு கிடையாது. பெஞ்சில் நல்ல கூட்டம். பக்கத்தில் இருந்தவர், "எனக்கு ஒண்ணுமில்லண்ணே, தூக்கந்தான் வரல" என்றார். அந்த பெஞ்சில் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

டாக்டரம்மா இன்று ராக்குவிடம் புதிதாக ஒன்று சொன்னார்.

"இப்ப நல்லா இருக்கீங்கம்மா. நல்லா இருக்கும்போதே ஒண்ணு எழுதி வச்சுக்கலாம். அதுக்குச் சட்டமே இருக்கு. நாளைக்கு உடம்பு மோசமானா என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, உங்களுக்காக யார் பேசணும், எல்லாம் நீங்களே சொல்லலாம். யாரைச் சொல்றீங்க?"

நான் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். என் பெயரை நானே எழுதலாம் என்று பேனாவையும் திறந்துவிட்டேன்.

"இவுக வேணாம் டாக்டரம்மா. இவுக அழுதுருவாக."

"மகன்?"

"அவன் கோயமுத்தூருல போனுக்குள்ள இருக்கான்."

"வேற யாரு?"

"ராத்தா."

பேனாவை மூடினேன்.

இதை எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. போதும்.

மாசி 5, புதன்

வெயில். மிளகாயைப் புரட்டிவிட்டேன். தும்மல் ஒன்பது. ராக்கு பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவள் சொன்னது நியாயம்தான். ஐப்பசி மழையில் பஸ் இல்லாமல் மாத்திரை நின்றுபோனது. ராக்கு சாப்பிடாமல், தூங்காமல், சுவரோடு சண்டை. இராமநாதபுரத்தில் சேர்க்கலாமா என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்த நிலையிலும் அதை ராக்கு பார்த்திருக்கிறாள்.

இனி இராமநாதபுரத்தை ரா.புரம் என்றே எழுதுவேன். விரல் வலிக்கிறது.

நேற்று எழுத விட்டுப்போனது. "எம் முடிய வெட்டக் கூடாதுன்னு எழுதலாமா?" என்று ராக்கு கேட்டாள். டாக்டரம்மா, "நீங்க எழுதாட்டியும் யாரும் மொட்டை போட முடியாதும்மா. சட்டத்துலயே இருக்கு" என்றார். ராக்கு நம்பவில்லை. "முடியப் பத்தியா? சட்டத்துலயா?" பஸ்ஸில் வரும்போதும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

எனக்கும் அது வியப்புதான். டில்லியில் யாரோ உட்கார்ந்து ராக்குவின் முடியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

மாசி 7, வெள்ளி

ராத்தாவைப் பற்றி எழுத வேண்டும். இரண்டு நாளாக மனதில் அதுதான் ஓடுகிறது.

நாற்பது வருடம் இருக்கும். மகன் பிறந்து ராக்குவுக்குச் சித்தம் கலங்கியபோது அவள் அண்ணன்மார் கடற்கரையில் தர்கா இருக்கும் ஊருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கூரைக் கொட்டகையில் ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று. அவர்கள் செய்த முதல் வேலை தலையை மழித்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய் அவளை அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே கூட்டி வந்தேன். தர்காவுக்குப் பின்சந்தில் ஹமீதாம்மா தன் வீட்டு முற்றத்தில் ஓலை மறைத்து, அவள் தெளியும்வரை நாங்கள் தங்க இடம் கொடுத்தார். அவரைத்தான் ராத்தா என்போம். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கடலை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். பகலில் மீன் கூடை தூக்கினேன். மாலையில் கரையில் சுண்டல். ராத்தா சாயங்காலமானால் ராக்குவைத் தன் முன்னால் முதுகு காட்டி உட்கார வைப்பார். முடியே இல்லாத தலையில் எண்ணெய் தேய்ப்பார். முளைக்க முளைக்க விரலை வைத்து அளப்பார். "ஒரு விரக்கடை வந்துருச்சுடி ராக்கு." அடுத்து, "ரெண்டு." ராக்கு அந்த ஊரில் முதன்முதலாகச் சிரித்தது இரண்டாவது விரற்கடைக்கு.

சுண்டல் விற்றுத் திரும்பும்போது உப்புக் காற்று. பாங்குச் சத்தம். முற்றத்தில் இரண்டு பெண்களும் ஏதோ பேசிச் சிரிப்பது சந்து முனைவரை கேட்கும். சுண்டல் மிச்சம் இருந்தால் எனக்குச் சந்தோஷம், மூவரும் தின்னலாம்.

நோய்க்காலத்தை நினைத்து ஒருவன் ஏங்கலாமா? ஏங்குகிறேன்.

முடி மூன்று விரற்கடை ஆனபோது என் அம்மா படுத்துவிட்டாள் என்று ஆள் வந்தது. ஊர் திரும்பினோம். பிறகு மழை, கடன், பிள்ளை. அந்தப் பக்கம் போகவே இல்லை.

இன்று வாயைத் திறந்தேன். "ராத்தா உசுரோட இருக்காகளான்னே தெரியாதேத்தா."

"போய்ப் பாத்தாத் தெரியும். பேசப்போற ஆளு சம்மதிக்கணும்னு டாக்டரம்மா சொல்லல? திங்கக்கெழம போவோம்."

மாசி 10, திங்கள்

கடலாடி பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. "நான் ராணியாட்டம் வாரேன், நீங்க காசு குடுத்து வாங்க" என்றாள் ராக்கு. கொண்டுபோனவை: புது மிளகாய் ஒரு பை, வேட்டி ஒன்று, டைரி.

கடல் அப்படியேதான் இருந்தது. மற்றதெல்லாம் மாறிவிட்டது. கொட்டகைகள் ஒன்றும் இல்லை. தர்கா பக்கத்திலேயே அரசாங்க மனநல டாக்டர் உட்காரும் அறை. ஓதிய தண்ணீர்க் குப்பியும் மாத்திரை உறையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். ரமலான் மாதம், டீக்கடைகளில் பாதி மூடல். பின்சந்தில் விசாரித்தோம். "பச்சக் கதவு வீடு. கண்ணு தெரியாது, சத்தமாப் பேசுங்க."

ராத்தா பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். சின்னதாகப் போய்விட்டார். "யாரு?" என்றார்.

நான் பேச வாயெடுத்தேன். ராக்கு கையமர்த்தினாள். போய் அவர் காலடியில் தரையில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

ராத்தாவின் கை கொஞ்சம் காற்றில் தடவியது. தலையில் பட்டது. பிடரியில் இறங்கியது. விரலை வைத்து அளக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு மேல் அளக்கவில்லை.

"ஏடி ராக்கு. மூணு விரக்கடையில எந்திரிச்சுப் போனவதானே நீ."

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே ராத்தாவின் குரல்: "சுண்டக்காரத் தம்பி எங்கடி?"

"வெளிய நின்னு அழுகுறாக."

"இன்னமுமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு, சந்து முனைவரை.

பிறகு ராக்கு விஷயத்தைச் சொன்னாள். ராத்தா முழுக்கக் கேட்டார்.

"நல்ல சட்டமாத்தான் இருக்கு. ஆனா நானே சுவத்தப் புடிச்சு நடக்குறேன். சுகரு மாத்திரைக்காக நோன்பு வைக்காதங்குறாக. உனக்கு ஒண்ணுன்னா நான் எப்ப வந்து சேர? உம் புருசனப் போடு."

"அவுக அழுவாக ராத்தா."

"அழட்டுமே. அன்னைக்கும் அழுதுக்கிட்டேதான் உன்னய அந்தக் கொட்டகையிலருந்து கூட்டியாந்துச்சு தம்பி. அழுதுக்கிட்டேதான் சுண்டல் வித்துச்சு. எதையாவது செய்யாம விட்டுச்சா?"

ராக்கு அவிழ்ந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டாள்.

"இப்ப இங்கனயே கவுருமெண்டு டாக்டரு இருக்காக. அப்பவே இருந்திருந்தா உனக்கு இத்தன செரமம் இல்ல" என்றார் ராத்தா.

"அப்ப நான் உங்க வீட்டு முத்தத்துக்கு வந்திருக்க மாட்டேனே."



பள்ளிவாசலிலிருந்து ராத்தாவின் மருமகள் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்தாள். அதே ருசி. பட்டை, பூண்டு, கொஞ்சம் கறி. இரண்டு கிண்ணம் குடித்தேன். புறப்படும்போது ராத்தா, "எம் பேரையும் ரெண்டாவதாப் போட்டு வையி. வர முடியாட்டியும் இருக்கட்டும்" என்றார். மருமகள் போன் நம்பர் கொடுத்தாள். நானே எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸில் ராக்கு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் பெயரைப் போடுவாளா என்று கேட்க நினைத்தேன். எழுப்பவில்லை.

மாசி 11, செவ்வாய்

மேகமூட்டம். மிளகாயை அள்ளி உள்ளே போட்டோம். ராக்கு கஞ்சியைப் பற்றிப் பேசினாள், மருமகளின் காதுத் தோட்டைப் பற்றிப் பேசினாள். அந்த விஷயம் பேசவில்லை. கேட்டால் கெஞ்சுவது போல இருக்கும். கேட்கவில்லை.

மாசி 14, வெள்ளி

மழை வரவில்லை. திரும்ப மிளகாய்.

கஞ்சி குடித்த பிறகு ராக்கு வெள்ளைத்தாள் ஒன்றை முன்னால் போட்டாள். "எழுதுங்க. நான் சொல்றேன். நீங்களாச் சேக்கக் கூடாது." முதலில் இப்படிப் போட்டுப் பார்ப்போம், டாக்டரம்மா வரும்போது சாட்சி, பதிவு எல்லாம் அவர் சொல்கிறபடி. நகல்:

1. முடியை வெட்டக் கூடாது. சட்டத்தில் இருந்தாலும் என் தாளிலும் இருக்கட்டும்.

2. சீப்பு கொடுக்க வேண்டும்.

3. என் சேலைதான் கட்டுவேன்.

4. சோற்றில் ஒளித்து மாத்திரை தரக் கூடாது. கையில் கொடுத்தால் தின்பேன். துப்பினால் திரும்பக் கேட்கவும்.

5. ரா.புரத்தில் சேர்க்க வேண்டுமென்றால் சேர்க்கலாம். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

6. எனக்காகப் பேச:

இங்கே நிறுத்தினாள். மிளகாயில் உட்கார்ந்த காக்காயை விரட்டப் போனாள். திரும்பி வர அவசரமே படவில்லை. நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

"மொதல்ல உங்க பேரு. ரெண்டாவது ராத்தா."

என் பெயரை இவ்வளவு நிதானமாக நான் பரீட்சையில்கூட எழுதியதில்லை.

"முடிஞ்சதா?" என்றேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. போடுங்க."

7. டாக்டரம்மா, இவர் முதலில் அழுவார். அழுது முடிக்கட்டும். பிறகு கேளுங்கள். சரியாகச் சொல்வார்.

தாள் நனைந்துவிட்டது. வேறு தாள் எடுக்க வேண்டும். ராக்கு சிரிக்கிறாள்.