பிருந்தா மேடத்தைப் பற்றி விசாரித்த வகையில்

ரோலா, ஷார்ஜா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு அன்பரசனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ சுகமாக இருப்பதை பிருந்தா மேடத்தின் ஃபேஸ்புக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் வீட்டு வாசலில் தேர்தல் பிரசார அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், கன்னம் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, அந்த அம்மாள் உன் தோளில் கை போட்டிருக்கிறார், மேடம் வைத்த ரசம் குடித்ததும் காய்ச்சல் ஓடிவிட்டது என்று கீழே நீயே எழுதியிருக்கிறாய். உனக்குக் காய்ச்சல் வந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். ஊரே அந்தப் படத்துக்கு லைக் போட்டிருக்கிறது, நான் போடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

ஞாயிறு தவறாமல் பேசுகிற பிள்ளை, இப்போது ஞாயிறு ஆனால் அவருக்காக வீடு வீடாகக் கதவைத் தட்டப் போய்விடுகிறாய். நான் கூப்பிட்டால் அப்புறம் பேசறேம்மா, மேடம் கூப்பிடறாங்க என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், இதை யாரும் குறுக்கே கூப்பிட்டு நிறுத்த முடியாதே. யார் இந்த மேடம் என்று நானும் விசாரிக்க ஆரம்பித்தேன். என் வயதுதான், திருச்சிக்காரி, உங்கள் மாநில சபையில் உறுப்பினர், வரும் நவம்பரில் அமெரிக்க காங்கிரஸ் சபைக்கு நிற்கிறார் என்பது வரைக்கும் நீயே சொல்லியிருக்கிறாய். மற்றதை நான் தேடினேன். அல் குசைஸ் டைப்பிங் சென்டரில் இத்தனை வருஷமாக அடுத்தவர் விசாவை அடித்துக் கொடுக்கிறவள் நான், வருகிறவர் வாயால் சொல்வதை எழுதமாட்டேன், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்பேன். அதே மாதிரி மேடத்தின் நோட்டீஸ், பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உங்கள் மாநில சபையின் ஓட்டெடுப்புப் பதிவுகளைப் பார்த்தேன். எந்த உறுப்பினர் எதை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று எல்லாவற்றையும் பொதுவில் போட்டு வைத்திருக்கிறார்கள், ஷார்ஜாவில் உட்கார்ந்திருக்கிற உன் அம்மா ஜோதிமணி கூடப் பார்க்கலாம். தான் அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்துகிற ரகமாக இருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். ஒன்று அகப்பட்டால் உனக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஆசை.

அகப்படவில்லை. பிள்ளைகள் குடியுரிமை வாங்கினாலும் பெற்றோரை வரவழைக்க முடியாதபடி சட்டத்தை மாற்றுங்கள் என்று அந்தக் காங்கிரஸ் சபையைக் கேட்டுக்கொள்கிற தீர்மானம் ஒன்று அங்கே வந்திருக்கிறது. அவர் கட்சிக்காரர்களே பலர் ஓட்டெடுப்பு நேரத்தில் நழுவி வெளியே போய்விட்டார்கள், அவர் உட்கார்ந்திருந்து எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கிறார். மறு வருஷம் வேறு பெயரில் வந்தது, அப்போதும் எதிர்த்தார். மூன்றாம் முறையும் அப்படியே. வயதான தாய் தகப்பனைக் கூட வைத்துக்கொள்ள நினைப்பதைக் குற்றம் மாதிரி பேசாதீர்கள் என்று அவர் சொன்னது விவாதக் குறிப்பில் இருக்கிறது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதுதான் இல்லை, இவள் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று இன்னும் எரிச்சலாக வந்தது.

விட மனசில்லை. உன் வீடு அவர் தொகுதியிலேயே இல்லாமல் இருந்தால், யாருக்கோ எதற்கடா செருப்புத் தேய நடக்கிறாய் என்றாவது கேட்கலாமே என்று உங்கள் மாநிலத் தேர்தல் இணையப் பக்கத்துக்குப் போனேன். பெயர், பிறந்த தேதி, பின்கோடு கேட்டது. உன் பிறந்த தேதி என்னைவிட யாருக்குத் தெரியும், போட்டேன். உன் பெயர் வந்து நின்றது. பிப்ரவரியிலிருந்து நீ அங்கே பதிவான வாக்காளர். குடிமக்கள் மட்டுமே பதிய முடியும் என்று அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. நீ குடிமகன் ஆன சேதியை எனக்குச் சொன்னது அந்தப் பக்கம்தான் சாமி. அப்புறம் அவள் ஃபேஸ்புக்கில் பிப்ரவரி வரைக்கும் பின்னால் போய்த் தேடினேன். இருக்கிறது. கையில் சின்ன அமெரிக்கக் கொடியோடு நீ சிரிக்கிறாய், அவள் உனக்கு லட்டு ஊட்டுகிறாள்.

ஒன்று கேட்கிறேன். உனக்கு க்ரீன் கார்டு சீக்கிரம் வந்தது யாரால்? உன்னோடு படித்த பிள்ளைகள் இந்தியாவில் பிறந்த கணக்கில் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். நீ ஷார்ஜாவில் பிறந்தவன், உனக்கு அந்த வரிசை இல்லை. தலைப்பிரசவத்துக்குக் கரூருக்கு வந்துவிடு என்று என் அண்ணன் டிக்கெட்டே அனுப்பினார், அப்பாவைத் தனியே விடமாட்டேன் என்று இங்கேயே பெற்றேன். அது பிருந்தா மேடம் செய்ததில்லை.

அப்பாவிடம் சொன்னேன். நம்ம பையன் ஓட்டுப் போடப் போறானாக்கும், முப்பத்தஞ்சு வருசமா நம்ம விரல்ல ஒரு பொட்டு மை படல பாரு என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. வரும் மார்ச்சோடு அவர் வேலை கலாஸ் என்று கம்பெனியில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள், அவர் விசா போனால் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற என் விசாவும் போகும், கரூரில் நமக்கென்று இருப்பது உன் பெரியப்பா வீட்டு மாடி அறை ஒன்றுதான். இப்படி ஆகும் போலிருக்கிறது என்று உனக்கு ஜனவரியிலேயே சொன்னேன், பார்க்கலாம்மா என்றாய். அடுத்த மாதமே குடிமகன் ஆகியிருக்கிறாய், வாயைத் திறக்கவில்லை. சொன்னால் எங்களை எப்போது கூப்பிடுவாய் என்று கேட்பேன் என்றுதானே? கேட்டிருப்பேன். நேற்று காயல்பட்டினத்து இர்ஷாத் எங்கள் சென்டருக்கு வந்தான், சோனாப்பூர் பக்கம் கடை வைத்திருக்கிறானே அவன்தான், பெற்றோருக்கு விசா அடிக்க. ஆன்ட்டி, எங்க உம்மா பேருல ஒரு எழுத்து மாறிடக் கூடாது, பாத்து அடிங்க என்று என் பின்னாலேயே நின்றான். முகம் கூடப் பார்க்காத அந்த உம்மா மேல் எனக்கு அவ்வளவு பொறாமை வந்தது. ஆனாலும் எழுத்து மாறாமல் அடித்துக் கொடுத்தேன்.

சரி, தேர்தல் அன்று வெறும் வயிற்றோடு வெளியே போகாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். ஓட்டை அவளுக்கே போடு, நான் தோண்டிப் பார்த்த வரையில் அவள் மேல் பழுதில்லை. இனிமேல் காய்ச்சல் வந்தால் முதலில் எனக்குச் சொல், அடுப்பில் என்ன வைக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லித் தருவேன். மாரியம்மன் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், நோய் நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நூறு வயது இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நானும் அப்பாவும் அங்கே வரலாமா கூடாதா என்பதில் அந்த பிருந்தாவின் முடிவு மூன்று தடவை பதிவாகியிருக்கிறது. உன் முடிவை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு, நீயே சொல்லிவிடு.

உன் அம்மா
ஜோதிமணி