உடையாத வளையம்

செவ்வாய், சித்திரை.

வில்லியனூர் பக்கம், ஏழைகளுக்கு இலவச மனை ஒதுக்கிய ஆற்றோர மேட்டில் இன்று மண் ஆய்வு. குழியிலிருந்து ஈர மண்ணை எடுத்து உருட்டி வளைத்தேன். வளையம் உடையவில்லை. மனை கிடைத்த அஞ்சலையக்காவுக்குச் சந்தோஷம்.

"இன்னா கெட்டி! சொவரு அசையாதுபா."

"இல்லக்கா, உடையலன்னா சுத்தக் களிமண்ணு. மழைல உப்பும், வெயில்ல வெடிக்கும். சொவரு பொளந்துடும்."

"அப்ப வேற எடம் தருவாங்களா?"

என் அதிகாரி சிரித்தார். "ஓசி மனைக்கு மண்ணு ஜாதகம் கேக்குதா?"

நல்ல மண்ணெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

வீடு கட்ட ஆகாத களி என்று வகைப்படுத்தி அறிக்கை எழுதிவிட்டேன். அதைக் கொடுத்தால் மனை ரத்தாகும். வேறு மனை வராது. கிளம்பும்போது அக்கா சொன்னார்: "நீ பேசாம இருந்தா, வெடிச்ச சொவராவது எனக்கு இருக்கும்பா."

அறிக்கை இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நாளை கேட்பார்கள்.