ரயிலில் அழுதவள்

பொன்னேரி
12.8.2025

அன்புள்ள செவ்வந்திக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

கல்லூரியில் என் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கருக்கலைப்பு சரியா தவறா என்று பேச்செடுத்தேன். ஒரு பையன் அது கொலை என்றான். கலைத்துக்கொள்கிறவர்களுக்கு ஈவிரக்கம் கிடையாது என்றாள் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி. எனக்குப் பொறுக்கவில்லை. போன வருடம் நாம் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கதையைச் சொல்லிவிட்டேன். கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள், முன்பல் உடைந்தவள், இரண்டு பிள்ளைகள் போதும் என்று மூன்றாவதைக் கலைத்தவள் என்றேன். பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. பலர் கண்கலங்கினார்கள். கடைசி பெஞ்சில் உங்கள் குப்பத்துப் பிரவீன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் உறைத்தது.

வகுப்புக்குப் போகவே கூசுகிறது. உன் மாமியார் காதுக்கு எட்டிவிட்டதா? திட்டியாவது இரண்டு வரி எழுது.

உன்
கோமளா


பழவேற்காடு
19.8.2025

கோமளாவுக்கு,

கிழிக்கவில்லை. மாமியாருக்கு எதுவும் தெரியாது. என் வீட்டுக்காரர்தான் அன்றைக்கு நம்மை ரயிலேற்றிவிட்டார், மறந்துவிட்டாயா? பிரவீனும் வெளியே வாய் திறக்கவில்லை.

ஆனால் என்னிடம் வந்தான். வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தானும் பிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அன்னிக்கு அனுப்பம்பட்டு வர்ற வரைக்கும் நீ அழுதுகினே வந்தியாமே. மேடம் சொன்னாங்க" என்றான்.

நான் எப்போதடி அழுதேன்? ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தேன். பல நாளாய் வராத தூக்கம். இறங்க ஒரு ஸ்டேஷன் இருக்கும்போது, அனுப்பம்பட்டில் நீதான் எழுப்பினாய். உன் கண்தான் சிவந்திருந்தது.

கதையைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்காகப் பரிந்து பேசத்தானே சொன்னாய். ஆனால் அந்தப் பிள்ளைகள் மன்னிப்பதற்காக என்னை அழவைத்துவிட்டாயே. அழாதவளை மன்னிக்க மாட்டார்களா? நீயுமா? பிரவீன் இப்போது என்னைப் பாவமாகப் பார்க்கிறான். ஆஸ்பத்திரியில் வராத வெட்கம் இப்போது வருகிறது.

அவள் தூங்கினாள் என்று அதே வகுப்பில் போய்ச் சொல். சொன்ன பிறகு போன் செய், எடுக்கிறேன்.

செவ்வந்தி


பொன்னேரி
26.8.2025

செவ்வந்தி,

சொல்லிவிட்டேன். அவள் நிம்மதியாகத் தூங்கினாள், பொய் சொன்னது நான் என்றேன். கொலை என்று சொன்ன பையன் சிரித்தான். முன்பெஞ்சுப் பெண் சிரிக்கவில்லை. "அப்போ அழுதது நீங்களா மேடம்? எதுக்கு அழுதீங்க?" என்று கேட்டாள்.

உனக்காக என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ தூங்கிக்கொண்டிருந்தபோது, மீஞ்சூரில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அதே பெட்டியில் ஏறினார்கள். உன் மடியில் ஆஸ்பத்திரிப் பை இருந்தது. நான் எழுந்து எதிர் வரிசைக்குப் போய், உன்னைத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். உன் தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது. தாங்கிப் பிடிக்க நான் வரவில்லை. அவர்கள் இறங்குவதற்காகக் கதவோரம் போன பிறகுதான் வந்து எழுப்பினேன். அதற்குத்தான் அழுதேன்.

இதையும் வகுப்பில் சொன்னேன். பிரவீன் இந்த முறை தலையைக் குனியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று இன்றே எழுதுகிறேன்.

போன் செய்தால் எடுப்பதாக எழுதியிருந்தாய். இது தெரியாதபோது சொன்னது அது. எனக்குக் கூப்பிடக் கை வரவில்லை. முடிந்தால் நீ கூப்பிடு.

கோமளா