புத்தகத்தில் இல்லாத வரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பதினோரு வருடத்தில் இது என் முதல் கடிதம் என்று உன் அத்தை சொல்லிக் காட்டுகிறாள். இருக்கட்டும். நானும் அவளும் நலம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு இடது காது மந்தம். அத்தைக்கு நீ போன் செய்யும்போது சுவருக்கு இந்தப் பக்கம் நின்று உன் நலத்தைத் தெரிந்துகொள்கிறேன்.

தேசிய அரங்கத்தில் மறுபடி ஓடக்காரி நாடகம் போடுகிறார்கள். திறப்பு நாளில் ஓடக்காரியாக நிற்க உன்னை அழைத்ததாகவும், நீ வரமாட்டேன் என்று எழுதியதாகவும் புது இயக்குநர் சொன்னான். அவனுக்கு உன் வயதுதான் இருக்கும். 'ஐயா, ஐயா' என்று சொல்லிக்கொண்டே என் நாற்காலியைத் தூக்கி மேடையின் அந்தப் பக்கம் போட்டுவிட்டான். நான் முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒரு திரை. அதில் ஆற்றுக்கு அக்கரை நாட்டு மொழியில் வசனம் ஓடுமாம். என் நல்ல காது சுவரைப் பார்த்து இருக்கிறது. நடிகர்கள் தடுமாறினால் எனக்கு எப்படிக் கேட்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வசனப் புத்தகம் இன்னும் என்னிடம்தான். நாற்பத்தோராம் பக்கம் உனக்குத் தெரியும், ஓடக்காரி துடுப்பை ஊன்றி நின்று பேசும் இடம். நான் சுவரொட்டி ஒட்டுகிறவனாக இருந்து, ஒட்டிய எழுத்தையே படித்துப் படித்து, வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்த வருடம் அங்கே நீல மையில், 'ரெண்டு கரையும் என் கரைதான், ஏறுங்க' என்று இருந்தது. இரண்டு கரை ஆட்களும் அடுத்தடுத்து உட்கார்ந்து அழுவார்கள். பிறகு ஆலைகள் வந்தன. அதை அடித்துவிட்டுச் சிவப்பில், 'கரையைப் பத்தி அப்புறம் பேசலாம், வேலைக்கு நேரமாச்சு, ஏறுங்க' என்று எழுதச் சொன்னார்கள். ஓடக்காரிக்குக் காக்கிச் சட்டை மாட்டினார்கள். பிறகு எல்லையில் சண்டை. மேலே காகிதம் ஒட்டி, 'இந்தக் கரைதான் என் கரை, இறங்குங்க' என்றார்கள். தோளில் கொடி நிறத்தில் துண்டு. நாடு என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் செய்தித்தாள் வாங்கினார்கள். எனக்கு அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தால் போதும்.

இப்போது பழைய வரியே வேண்டுமாம். ஒட்டியதை பிளேடால் சுரண்டினேன். நீல மை கொஞ்சம் தெரிந்தது, மீதி கிழிந்துவிட்டது. எனக்கும் அலுத்துவிட்டது.

பதினோரு வருடத்துக்கு முன், காகிதம் ஒட்டியிருந்த அந்த நாளின் விஷயத்துக்கு வருகிறேன். நீ துடுப்பை ஊன்றி நின்றாய். வாய் திறக்கவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. மறந்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு எதற்குப் புத்தகம் என்ற நினைப்பு. வாயில் வந்ததை எடுத்துக் கொடுத்தேன். சின்ன வயதில் நான் எதை நீட்டினாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வாயே, அதுபோல வாங்கிச் சொன்னாய். பாதி அரங்கம் கைதட்டியது, பாதி எழுந்து போனது. அதற்குப் பிறகுதான் குனிந்து பக்கத்தைப் பார்த்தேன். நான் கொடுத்தது, ஒட்டிய காகிதத்துக்கு அடியில் கிடந்த நீல மை வரி.

விசாரணையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. அந்த வரி புத்தகத்தில் இருக்கிறதா? இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இல்லைதானே? நான் எடுத்துக் கொடுத்தேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. நான் பொய் சொல்லவில்லை. எவன் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். நீ எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாய். நீயும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் பெட்டியைக் கட்டினாய்.

"ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்த வாய், பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்க வரல பாரு" என்று அத்தை தினமும் சாப்பாட்டோடு பரிமாறுகிறாள். வலியெல்லாம் முழங்காலோடு சரி, நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

அரங்க வாசலில் உன் படத்தைக் கதவு உயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். 'துணிந்து சொன்னவள்' என்று கீழே எழுத்து. அதைப் பற்றித் திறப்பு நாளில் நான் பேச வேண்டுமாம். போன வாரம் இயக்குநரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ துணிஞ்சு சொல்லல தம்பி, நான்தான் தப்பா எடுத்துக் குடுத்தேன்" என்றேன். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "ஐயா, இதை வெளிய சொல்லிடாதீங்க. நாடே அதை நம்பிக்கிட்டு இருக்கு" என்றான். படம் அப்படியே தொங்குகிறது. அன்றைக்குக் கேட்க ஆளில்லை. இன்றைக்குச் சொன்னாலும் வாங்க ஆளில்லை. ஆட்சி மாறியது, துண்டு மாறியது, இது மட்டும் மாறவில்லை. மேடையில் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ வர மறுப்பது அந்தப் படத்தால்தான் என்று நினைக்கிறேன். செய்யாத ஒன்றுக்குக் கைதட்டு வாங்க உனக்கு வராது. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அத்தையிடம் கேட்காதே, சிரிப்பாள்.

வா, அம்மா. படத்துக்காகவோ நாட்டுக்காகவோ வரவேண்டாம். அத்தைக்கு முழங்கால் வலி, அதற்காக என்று வைத்துக்கொள். நாற்பத்தோராம் பக்கத்தில் கிழிந்த இடத்தில் நான் இன்னும் எதையும் எழுதவில்லை. எழுதச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். நீ துடுப்பை ஊன்றி நின்று எதைச் சொன்னாலும் சரி, ஒன்றுமே சொல்லாமல் நின்றாலும் சரி, அதுதான் புத்தகத்தில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இந்த முறை, கேட்காதவர்களிடமும்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

இப்போது வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா