காய்ச்சல் லீவு

அன்புள்ள அத்தைக்கு, மருமகள் வணங்கி எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? என் மகள் உங்கள் பேச்சைக் கேட்கிறாளா?

இங்கே தொற்றுக் காய்ச்சல் பரவலாம் என்று பேச்சு. பாதிப் பேர் படுத்தாலும் ஆஸ்பத்திரித் துணி வெளுப்பது நிற்கக்கூடாது என்று, எங்கள் சலவைக்கூடத்தில் அவரவர் மிஷினை ஓட்ட இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். நானும் பக்கத்து மிஷின்காரிக்குக் கற்றுக்கொடுத்தேன். அப்புறம் கூட்டம் போட்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மேனேஜர் கேட்டார். நான் எழுந்துவிட்டேன்.

"காய்ச்சல் வந்தா சம்பளத்தோட வீட்ல இருக்கலாம்னு எழுதிப் போடுங்க சார்."

"அப்புறம் திங்கக்கிழமையானா எல்லாருக்கும் காய்ச்சல் வரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"வந்துட்டுப் போகட்டும் சார். ஒருநாள் சம்பளம் போயிடுமேன்னு என் வீட்டுக்காரர் காய்ச்சலோட வேலைக்குப் போனாரு. நாலாம் நாள் பொணமாத் தூக்கிட்டு வந்தாங்க."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மறுவாரம் சம்பளத்தோடு லீவு என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

நேற்றிலிருந்து எனக்கே லேசாக உடம்பு சுடுகிறது. பயப்படாதீர்கள், மாத்திரை போட்டிருக்கிறேன். அவருடைய பழைய ஸ்வெட்டரை அனுப்பிவையுங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

இதைத் தபாலில் போட என்னோடு அறையில் தங்கியிருப்பவள் வாசலில் நிற்கிறாள். உங்கள் மகன் கேட்காத லீவை நான் கேட்டு வாங்கிப் படுத்திருக்கிறேன். காய்ச்சல் விடாமல் வேலைக்குப் போகமாட்டேன், அத்தை.

உங்கள் மருமகள்