வண்டி ஸ்டார்ட் ஆகுதுங்க மாமா

டெல்லி மோதி பாக் குடியிருப்பில் ஞாயிறு முழுக்கப் பரமசிவம் தன் காரோடு மல்லுக்கு நின்றார். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம்தான்; ரிமோட்டை அமுக்கினால் ஒரு கதவும் பூட்டிக்கொள்ளவில்லை. "பேட்டரியைப் பாருங்க மாமா" என்ற மனைவி தமிழ்செல்வியிடம், "உனக்கென்ன தெரியும், சும்மா இரு" என்று எரிந்து விழுந்தார். அதன்பின் இருவரும் பேசவில்லை.

திங்கள் காலை அவர் எழும் முன்பே அவள் கீழே போனாள். பேட்டரி முனைகளைக் கழற்றி, வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சோடா உப்பு கலந்த வெந்நீரில் கழுவி, துடைத்து, இறுக்கி மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. மேலே வந்து, ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் ஒரு சீட்டு எழுதினாள்.

"மாமா, வண்டி ஸ்டார்ட் ஆகுதுங்க. பேட்டரிதான். பின்னாடி இடது கதவு மட்டும் ரிமோட்டுக்கு மசிய மாட்டேங்குது, கையாலயே பூட்டிப்போடுங்க. மதுமதி மதியம் நிஜாமுதீன் ஸ்டேஷன்ல இறங்கறா, ஜல்தி கிளம்புங்க. லீவுக்கு வர்ற நம்ம பிள்ளை முன்னாடி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க வேண்டாம்."

மனசு கேட்கவில்லை. அடியில் நுணுக்கி எழுதினாள்: "ராத்திரி பட்டினியாப் படுத்துட்டீங்க. தோசை ஹாட்பேக்ல இருக்குது."

சீட்டை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுச் செருப்பு மாட்டும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. சீட்டு அவர் கையில் இருந்தது.

"பஸ்ஸுல எதுக்குப் போற? லோதி ரோட்டு ஆபீஸ்ல நானே விட்டுப்போட்டு வர்றேன்."

"கோபமெல்லாம் போயிருச்சுங்களா?"

பரமசிவம் சாவியை அவளிடம் நீட்டினார். "நீயே ஸ்டார்ட் பண்ணு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."