இரண்டாவது கூடை

நேற்று உன் லேபில் என்னை உன் வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சொன்னவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. கோட்டு நாற்காலியின் முதுகில் தொங்குகிறது, எனக்கு ஒரு கோட்டு வேண்டும், அவ்வளவுதான். நானும் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு கையை உள்ளே விட்டுவிட்டேன். வறுத்த மல்லி வாசனையும், நீ நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனையும் ஒன்றாகக் கிளம்பி வந்தன. கைப்பகுதியை மேலே மடித்து வைத்திருந்தாய். உனக்குக் கை குட்டை. அந்த மடிப்பைப் பிரிக்கவும் முடியாமல், விட்ட கையை எடுக்கவும் முடியாமல் பாதிக் கோட்டோடு நின்றேன்.

"சைஸ் சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டார் உன் முதலாளி.

நீ போய் இரண்டு மாதம் ஆகப் போகிறது என்கிறார்கள். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையே இன்னும் முடியவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போன் செய்தாய். "தல வலிக்குதுடி. சரி அத வுடு, ஞாயித்துக்கெழம பாப்பாவத் தூக்கிக்கினு வா. ரெண்டு கூட இருக்கு, ஏலம் வுடணும்" என்று சொல்லிச் சிரித்தாய். மத்தியானம் உன் அம்மா நம்பரிலிருந்து யாரோ ஒரு பெண் பேசினாள். சாப்பிட வீட்டுக்கு வந்தவள், தட்டு வைக்கும் முன்பே சாய்ந்துவிட்டாளாம். மூளையில் ரத்தக் கசிவாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க, அவகிட்ட போனக் குடுங்க" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

உனக்கு எப்போதுமே அவசரம்தான். அதற்காக இப்படியா?

காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் உன் ஏலத்தை முதலில் பார்த்தேன். கேன்டீனில் தோசையா பூரியா என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நீ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பூரி, ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று, உன் அம்மா மீன் ஏலம் எடுக்கும் தேங்காய்த்திட்டுத் துறைமுகக் குரலில் கத்தினாய். நான் பதறிப்போய் "இருடி!" என்றேன். "உனக்குப் பூரிதான்" என்று டோக்கனை வாங்கிக் கையில் திணித்தாய். மானம் போயிற்று. ஆனால் எனக்கு வேண்டியது பூரிதான்.

அது உன் வீட்டு வழக்கம் என்று பிறகு சொன்னாய். பிள்ளைகள் இத்தனை பேருக்கு நடுவில் ஒரு துண்டு வறுத்த மீன் மிஞ்சினால் உன் அம்மா அதை ஏலம் விடுவாராம். காசுக்கு இல்லை. ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாராம். போய்விடப் போகிறதே என்று எந்த முகம் மாறுகிறதோ, அந்தப் பிள்ளைக்குத்தான் துண்டு. "எங்கம்மா ஏலத்துல மீனப் பாக்காது, மூஞ்சியத்தான் பாக்கும்" என்பாய். அதற்குப் பிறகு புடவையானாலும் ப்ராஜெக்ட் ஆனாலும் என்னை ஏலத்தில்தான் நிறுத்தினாய். என் வீட்டுக்காரரின் போட்டோவைக்கூடக் கையில் தூக்கிப் பிடித்து, "லாஸ்பேட்டை மாப்ள, நல்ல உசரம், ஒரு தரம்!" என்றாய். ரெண்டு தரம் சொல்ல நான் விடவில்லை. தன்னை ஏலத்தில் எடுத்தது அவருக்குத் தெரியும். கோபம் வந்தால் அதைச் சொல்லிக் காட்டுவார்.

சென்னை வேலை கிடைத்தபோது என்னைவிட நீதான் அதிகம் குதித்தாய். மகள் யாழினி வயிற்றில் வந்ததும் வேலையை விட்டவள் நான். பெரிய லேப், நல்ல பதவி, சம்பளத்தைச் சொன்னால் சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் திங்கள் விடியற்காலை பஸ் பிடித்துப் போனால் வெள்ளிக்கிழமை இரவுதான் திரும்ப முடியும். நடுவில் ஹாஸ்டல். மாமியார், "கொழந்தய நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். என் வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்றார். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று எந்த ஊர் ஆண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. யாழினிக்கு இன்னும் என் புடவைத் தலைப்பு கையில் இருந்தால்தான் தூக்கம் வரும். அதை யாரிடம் சொல்வது? உன்னிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஏலம் விடலாம் என்றாய்.

ஒரு கூடை சென்னை, இன்னொரு கூடை வீட்டோடு இருந்துவிடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன வாரம் உன் மசாலாக் கம்பெனி முதலாளி போன் செய்தார். தட்டாஞ்சாவடியில் எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்று கூப்பிடுவார்களே, அவரேதான். துக்கம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "உங்க ஃப்ரெண்ட் சொல்லியிருப்பாங்களே" என்று ஆரம்பித்தார்.

"என்னது சார்?"

"சொல்லலியா? மசாலா டெஸ்டிங்குக்கு இன்னொரு ஆள் வேணும், என் ஃப்ரெண்டு வருவான்னு ரெண்டு மாசமா என் உயிர வாங்கிட்டாங்க. சரி, வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சி." பிறகு, "இப்ப அவங்க எடமே காலியா இருக்கும்மா. நீங்களே வந்துடுங்களேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டாவது கூடை இதுவா? இதை வாய்க்குள் வைத்துக்கொண்டா அன்று காலையில் சிரித்தாய்? ஞாயிற்றுக்கிழமை என் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்தாயே, இப்போது யார் பார்ப்பது? உன்மேல் எனக்கு வந்த கோபத்தை நீ இருந்திருந்தால் பார்த்திருப்பாய்.

நேற்று போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. உன் லேப் நீ சொன்னதைவிடச் சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லேத் பட்டறைச் சத்தம், மூடினால் மிளகாய் நெடி. நம்ம ஊர்க் கடைகளைப்போலவே மத்தியானம் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வண்டியில் ஒரு மிதி தூரம்தான். போய் யாழினிக்கு ஊட்டித் தூங்க வைத்துவிட்டே திரும்பிவிடலாம். இதையெல்லாம் நீ யோசித்துத்தான் பேசியிருக்கிறாய். நீ அப்படிச் சாப்பிடப் போகும்போது கழற்றி மாட்டியதுதான் அந்தக் கோட்டு. வந்து போட்டுக்கொள்வாய் என்று அது அப்படியே இருந்தது.

அதைவிட ஒன்று. சுவரோரம் ஒரு புது மேசையும் நாற்காலியும் பிளாஸ்டிக் உறையோடு நின்றன. "இது உங்களுக்குன்னு வாங்கினது. இப்ப எதுக்கு ரெண்டு? திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் முசியே. அந்த மேசையில் நான் உட்கார்ந்து, பக்கத்தில் நீ உட்கார்ந்து, நாள் முழுக்க வாயாடியபடி மிளகாய்த் தூளைச் சலித்திருப்போம். எல்லாம் தயாராக இருந்திருக்கிறது. நீதான் இல்லை.

என்னை உலுக்கியது அது மட்டுமில்லை. உன் கோட்டில் ஒரு கையை விட்டுக்கொண்டு நிற்கும்போதே, இந்த வேலை எனக்கு வேண்டும் என்று மனசு துள்ளியது. செத்துப்போன சிநேகிதியின் நாற்காலிக்கு ஆசைப்படுகிறேனா? நான் என்ன பெண்? கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று ஓடி வந்துவிட்டேன். சென்னைக்காரர்களுக்கும் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்ட பதிலை இன்றைக்குள் சொல்ல வேண்டும்.

இன்று காலை யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போனேன். காரியம் முடிந்து உன் அம்மா மறுபடி வியாபாரத்துக்கு வந்துவிட்டார். ஏலம் எடுத்த சங்கரா மீனைக் கூடையில் கொட்டி, பனிக்கட்டியை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாடி. இளைச்சிட்டியே" என்றார். அவர்தான் பாதியாகியிருந்தார். யாழினி உன்னைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மீன் பெரிம்மா எங்க?" என்று கேட்டாள். உன் அம்மா அவள் கன்னத்தை ஈரக்கையால் தடவினார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சென்னை வேலை, முசியே போன், புது மேசை, எல்லாம்.

"அவ எடத்துக்கா உன்னக் கூப்புடுறாங்க?"

"ஆமாம்மா."

பனிக்கட்டி உடைக்கும் கை நின்றுவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த காலிக் கூடையை இழுத்து எங்கள் நடுவில் வைத்தார்.

"மெட்ராஸ் வேல," என்றார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. "ஒரு தரம். ரெண்டு தரம்."

நான் யாழினியை இடுப்பில் தூக்கிச் சரிசெய்துகொண்டேன். போனால் போகட்டும் என்று இருந்தது.

"மூணு தரம். போச்சி." கூடையைத் தள்ளிவிட்டு இன்னொன்றை இழுத்தார். "எம் பொண்ணு எடம்." "ஒரு தரம்." அதற்குமேல் அவரால் முடியவில்லை. பக்கத்து மீன்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

என் இடுப்பிலிருந்து யாழினி, நீ சொல்லிக்கொடுத்த அதே ராகத்தில், கையைத் தூக்கி, "ரெண்டூ தரம்!" என்றாள்.

"இருங்கம்மா!" என்று கத்திவிட்டேன். "இருங்க, வுட்டுடாதீங்க!"

உன் அம்மா கூடையைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அந்த மீன் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை, தெரியுமா? கிளம்பும்போது என் மடியைப் பிடித்து ஒரு சங்கராவைப் போட்டார். "அங்க போய் ஒக்காருடி. ஆனா அவ எடத்துலேருந்து அவள எழுப்பிட்டு ஒக்காராத" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சென்னைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முசியேவுக்குப் போன் போட்டு, அந்தப் புது மேசையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உறையைப் பிரித்து உன் மேசைக்குப் பக்கத்தில் போடச் சொன்னேன். "அப்ப அந்தப் பழைய சேர்?" என்றார். "அது அங்கேயே இருக்கட்டும் சார். யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றேன். "சரிம்மா" என்றார்.

திங்கட்கிழமை சேருகிறேன். உன் கோட்டை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன். கையின் மடிப்பைப் பிரிக்க மாட்டேன், என் மணிக்கட்டு வெளியே தெரிந்தால் தெரியட்டும். யாழினி இதோ என் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். உன் நாற்காலிக்கு மூணு தரம் இன்னும் யாரும் சொல்லவில்லை.